அக்கா வீட்டு மூன்றாவது ரிசீவர்

மார்ச் 4
தலைவலி. குடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். அலுவலகம் போனால் புதுக் கோப்பு: கோபுரத்திலிருந்து கம்பியில்லாமல் வீடுகளுக்கு மின்சாரம் அனுப்பும் சோதனை. அக்கா குடியிருக்கும் தெருவில்தான். மின்சாரத்தை வாங்கும் பெட்டிதான் ரிசீவர்; எத்தனை ரிசீவருக்கு மின்சாரம் போய்ச் சேர்கிறதோ, அந்த அளவுக்கு நிறுவனம் அரசுக்குக் கட்டும் அலைக்கற்றைக் கட்டணத்தில் தள்ளுபடி. தெருக்காரர்களுக்குப் பாதி பில். யாருக்குக் கசக்கும்? நகரம் முழுக்க அனுமதிக்கலாமா என்று நான் அளந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

மார்ச் 9
அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். அத்தான் காலமான பிறகு தனியாகத்தானே இருக்கிறாள். ஹாலில் ஒரு ரிசீவர், சமையலறையில் ஒன்று. ஒயரே இல்லாமல் ஃபேன் சுற்றுகிறது. தெருவில் ஒரு காக்கைகூட இல்லை.

மார்ச் 12
நிறுவனத்தின் வரைபடத்தில் அக்கா வீட்டுக்கு மூன்று புள்ளிகள். வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினேன். இரண்டுதான்.

மார்ச் 13
மூன்றாவது புள்ளி நகர்கிறது. ஹாலிலிருந்து சமையலறைக்கு, அங்கிருந்து பின்கட்டுக்கு. லேப்டாப்பைக் கையில் வைத்துக்கொண்டே பின்னால் போனேன். அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.
"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"
உள்ளே வந்தாள். புள்ளியும் வந்தது.

மார்ச் 14
நிறுவனத்து இன்ஜினியரைப் பிடித்து உலுக்கினேன்.
"தெரியும் மேடம். தெரு முழுக்க இப்படித்தான்."
"அது மனுஷங்கய்யா!"
"உடம்புல மின்சாரத்த வாங்கிக்கிறாங்களே மேடம். வாங்கினா கணக்குல ரிசீவர்தான். தள்ளுபடி கிடைக்கிறப்போ நாங்க எதுக்கு நீக்கணும்?"
அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரிக்கவில்லை.

மார்ச் 15
அக்காவிடம் சொல்லிவிட்டேன். பதறுவாள் என்று நினைத்தேன்.
"அதானா! அவரு போனதுலேர்ந்து உள்ளுக்குள்ள ஒரு குளிரு. இப்ப இல்ல. நிறுத்திடாதடி."
என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. நான் என்ன செய்ய?

மார்ச் 16
இன்று நான்கு புள்ளிகள்.

மார்ச் 18
'உடனே நிறுத்துக' என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி முனகினார். ஆனாலும் நிறுத்திவிட்டார்கள்.

மார்ச் 19
சாயங்காலம் தெருவே வாசலில் வந்து நின்றது. சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லா முகமும் கோபுரத்தை நோக்கி. அக்காவும்தான். கூப்பிட்டேன், திரும்பவில்லை. தோளைத் தொட்டேன்.
"குளிருது" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 24
என் வீட்டுக்கு வந்துவிட்டேன். வெளியே வெயில் கொளுத்துகிறது. எனக்கு இரண்டு போர்வை போதவில்லை.

ஏப்ரல் 2
அக்கா போன் செய்தாள். பேசவில்லை, மூச்சு மட்டும். எனக்கும் போனை வைக்க மனசில்லை.

ஏப்ரல் 11
நகரம் முழுக்க அனுமதிப்பது பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம். நிறுத்தச் சொன்னவள் என்பதால் என்னைத்தான் முதலில் அழைத்தார்கள். அளவுகளையெல்லாம் எடுத்துப் போயிருந்தேன். அக்கா தெருக்காரர்கள் முன்வரிசையில், சால்வையும் ஸ்வெட்டருமாக.
"உங்க முடிவு என்னம்மா?" என்றார் தலைவர்.
"திறந்து விட்டுடுங்க."
முன்வரிசையில் அக்கா நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள்.