ரவை

நவம்பர், சனி இரவு

மேற்கு டெக்சாஸில் மான் வேட்டைக்குப் போக எடை குறைந்த ரைஃபிள் வாங்கிவிட்டேன். தோட்டாவில்தான் குழப்பம். ஆபீஸ் நண்பர் செல்வம் கடையில் சொன்னார்: “லைட் ரைஃபிள்ல பெரிய தோட்டா போட்டா, சுடும்போது பின்னால உதைக்கிற உதையில தோள் போயிடும். சின்னதா, ஃபாஸ்டா ஒண்ணு எடுங்க. முந்நூறு கஜம் நேரா போகும்.” ஒரு டப்பா எடுத்தேன்.

வீட்டில் மனைவி கவிதா, “ரவை வாங்கினீங்களா?” என்றாள். துப்பாக்கி ரவை நினைப்பிலேயே டப்பாவை நீட்டினேன். உப்புமாவுக்குக் கேட்டிருக்கிறாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். தோட்டா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள்.

“நேரா போய் எங்க நிக்கும்?”

இப்போது கண்ணை மூடினால் வெட்டவெளி, விடிகாலைப் பனி. தொலைவில் ஒரு மான் தலை நிமிர்ந்து என்னையே பார்க்கிறது. தோட்டா நேராகத்தான் போகும். அதுதான் பயம்.