மூன்றாம் ஓலை

ராஜா அண்ணாமலைபுரம்,
திங்கட்கிழமை.

மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் ஆம்ப்ரோஸுக்கு, தங்கை ஃப்ளோரா எழுதுவது.

நான் நலம். நீ நலமா என்று கேட்க இந்த வாரம் மனம் வரவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் ஐந்து நிமிடத்தில் உறவு முழுவதும் படித்துவிடும் என்பதால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

எனக்கும் ஆஸ்வினுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தார்கள். முதல் ஞாயிறு என் பெயர் வந்ததும் முன்வரிசையில் யாரோ இருமினார்கள். அடுத்த ஞாயிறு நாலைந்து பேருக்கு இருமல். நேற்று மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. பூசைக்கு முன்பே ஃபாதர் என்னை அழைத்து உன் மின்னஞ்சலைக் காட்டினார்.

நான் மடத்தில் துறவற வார்த்தைப்பாடு எடுத்தவள், எனக்குத் திருமணம் செல்லாது என்று எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை பன்னிரண்டு வயது சிறியவர் என்பதைத் திருச்சபை தடையாக எடுத்துக்கொள்ளாது, வார்த்தைப்பாட்டை எடுத்துக்கொள்ளும். விசாரித்துத்தான் எழுதியிருக்கிறாய்.

அம்மாவின் கையைப் பிடிச்சுவிட வந்தவன் பொண்ணு கையைப் பிடிச்சுட்டானாம் என்று அண்ணி சொல்லிச் சிரித்ததும் என் காதுக்கு வந்தது. உண்மைதான். பிசியோதெரபி செய்ய வந்து, பக்கவாதம் வந்த அம்மாவின் விரல்களை இரண்டு வருடம் ஒவ்வொன்றாக மடக்கி நீட்டியவர் அவர். அம்மா மறுபடி ஸ்பூன் பிடித்த அன்று நீ வீடியோவில் கைதட்டினாய்.

அம்மா போன பிறகும் அவர் வந்தார். எதையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை நான். என்னைத் தேடி சைதாப்பேட்டையிலிருந்து ஏன் வர வேண்டும் என்று அவரிடமே கேட்டேன். “உங்ககூட சண்டை போட்டா நல்லா இருக்கு டீச்சர், மத்தவங்கல்லாம் உடனே ஒத்துக்கிறாங்க” என்றார். ஒரு வருடம் யோசித்தும் அந்தப் பதிலில் எனக்குக் குறை தெரியவில்லை. இன்னமும் டீச்சர்தான். ஃப்ளோரா என்று கூப்பிடச் சொன்னால் தும்மல் மாதிரி வருகிறது அவருக்கு.

மீன் விற்கும் வேலம்மா, “இன்னா டீச்சரம்மா, மாப்ள உன் தம்பி கணக்கா கீறாரு! பரவால்ல, பையைத் தூக்க ஆளு வோணும்ல” என்று தெருவே கேட்கக் கத்தினாள். அவளாவது என் முகத்துக்கு நேரே சொன்னாள்.

அப்பா இறந்து, உனக்கு விசாவும் வந்த வருடம் நினைவிருக்கிறதா? நான் கன்னியர் மடத்தில் பயிற்சியில் இருந்தேன். அம்மாவுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. மடத்து மதருக்கு நீ எழுதினாய்: “என் தங்கை இன்னும் எந்த வார்த்தைப்பாடும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வரவே ஏங்குகிறாள்.” நான் கிளம்பிய அன்று மதர் அந்தக் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டார். உன் கையெழுத்து, தேதியோடு.

முதல் வரி உண்மை. இரண்டாவது பொய். நான் ஏங்கவில்லை. அப்படியா என்று மதர் கேட்டபோது, உன்னைப் பொய்யனாக்க மனமில்லாமல் தலையாட்டினேன். அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருடம் போய்விட்டது. இப்போது உனக்குப் பொய் வேண்டியிருக்கிறது என்று அந்த முதல் வரியையும் மாற்றுகிறாய்.

கடிதத்தை ஃபாதரிடம் இன்னும் காட்டவில்லை. தவறாகச் சொல்லிவிட்டேன் என்று நீயே அவருக்கு எழுது. சனிக்கிழமை வரை பார்ப்பேன். எழுதாவிட்டால், ஞாயிறு பூசைக்கு முன் அது அவர் மேசையில் இருக்கும். இந்த முறை தலையாட்ட மாட்டேன்.

உனக்கும் அண்ணிக்கும் ஆண்டவர் நல்ல சுகம் தரட்டும். உன் மகள் ஜெசிகாவின் ஓலையை வாசிக்கும் நாளில் கோயிலில் யாருக்கும் இருமல் வராமல் இருக்கட்டும்.

வாசலிலிருந்து பீடம் வரை என்னை யார் கைப்பிடித்து அழைத்து வருவார்கள் என்று ஃபாதர் கேட்டார். தனியாகவே நடந்து வருவேன் என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுத்தான் நடப்பேன்.

ஃப்ளோரா