ஒரு வீட்டுக்கு மட்டும்

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் கிரேன் கூண்டில் உட்கார்ந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? டாக்டரைப் பார்க்கச் சொன்னால் கேட்பதே இல்லை.

கண்காணிப்பு நிலையத்தில் எனக்கு இன்னும் அந்தப் பழைய ராக்கெட் பாகத்தோடுதான் மல்லுக்கட்டு. செயற்கைக்கோளைக் கொண்டுபோய் விட்டபின், எரிபொருள் தீர்ந்து, பூமியைச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. பஸ் அளவு இருக்கும். நாளுக்கு நாள் கீழே இறங்குகிறது. இந்த மாதமே விழுந்துவிடும், பெரும்பாலும் கடலில்தான். எனக்குப் பெண் தேடும் அண்ணியிடம் சொல்லுங்கள், இதன் பின்னாலேயே அலைகிறவனுக்கு எவளும் கழுத்தை நீட்டமாட்டாள் என்று!

அன்புடன்,
தம்பி


மார்ச் 29

தம்பிக்கு,

போனை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. பேச முடியவில்லை.

அன்று காலை நீ கூப்பிட்டு, "அண்ணே, அது உங்க ஊர் பக்கமா வந்தாலும் வரும். இன்னிக்கு வேலைக்குப் போகாதீங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாய். காய்ச்சல் என்று லீவு சொன்னேன். எனக்குப் பதிலாகக் கூட்டாளி ஏறினான். நம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே டீ கேட்பானே, அவன்தான். அந்த ராக்கெட்டின் எரிந்துபோன டாங்கி நேராகக் கூண்டின் மேல் விழுந்தது. சவப்பெட்டியைத் திறந்து அவன் மனைவிக்குக் காட்டவே இல்லை.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனோம். என்னைப் பார்த்ததும், "காய்ச்சல் விட்டுடுச்சாண்ணே?" என்று கேட்டாள்.

நீ எச்சரித்ததை அவளிடம் சொல்லிவிடட்டுமா?

அண்ணன்


ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் காலில் விழுகிறேன், சொல்லாதீர்கள். போனிலும் இதைப் பேச வேண்டாம். இங்கே விசாரணை நடக்கிறது.

அது வரும் பாதையில் உங்கள் ஊரைப் போல எத்தனையோ ஊர்கள் இருந்தன. எதில் விழும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. எச்சரிக்கை மேலிடத்திலிருந்துதான் போக வேண்டும். அதிகாரியோ, "ஊரையெல்லாம் கிளப்பிவிட்டு ஒன்னும் விழலன்னா யாருப்பா பதில் சொல்றது?" என்று சும்மா இருந்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. எல்லோருக்கும் சொல்ல என்னால் முடியாது. என் அண்ணனுக்குச் சொன்னேன். அது குற்றமா? வெளியே தெரிந்தால் வேலை மட்டுமல்ல, நானே உள்ளே போக வேண்டியதுதான்.

தம்பி


ஏப்ரல் 15

தம்பிக்கு,

சொல்லிவிட்டேன்.

கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்துத்தான் போனேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். "சொல்லியிருந்தாலும் சிரிச்சுட்டு ஏறித்தான் இருப்பாரு. ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே" என்றாள். அவ்வளவுதான்.

என் உயிரைக் காப்பாற்றியது நீ. அதை நான் மறுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தது நான். அதுவும் உன் தலையில் விழ வேண்டாம். ஆனால் விசாரணைக்காரர்கள் அவளிடம் வரப்போகிறார்கள். அவள் சொல்வாள். என்னைக் கேட்டால் நானும் சொல்வேன். அதற்குமுன் நீயே போய்ச் சொல்லிவிடு. உன் அண்ணி, "கூடப் பிறந்தவனையே காட்டிக் கொடுப்பீங்களா?" என்று இரண்டு நாளாக அழுகிறாள்.

நீ இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால் பிரித்துப் படித்துவிடுவேன். படித்தால் மனசு மாறிவிடும்.

உன் அண்ணன்