அவர் படுத்த பக்கம்

14 ஆகஸ்ட், வியாழன்

இன்று படுக்கையறையைக் குளிரவைக்க ஏர்கோன் வந்தது. என் வீட்டுக்காரர் தவறி ஒரு வாரம்தான் ஆகிறது. தேதியைத் தள்ளினால் விலையில் அரசாங்கம் கழித்துத் தரும் ரிபேட் போய்விடும் என்று ஈப்போ டவுன் கடையில் சொல்லிவிட்டார்கள். அந்த ரிபேட்டுக்காகத்தான் இத்தனை மாதம் பொறுத்திருந்தோம். வாதம் வந்து படுத்தவருக்கு ஜிங்க் தகரக் கூரைச் சூட்டில் முதுகெல்லாம் புண். கடனை வாங்கியாவது மாட்டிவிடலாம் என்றேன். கேட்டால்தானே!

"தோட்டத்துல ரப்பர் சீட்டுக்குப் புகை போட்ட வீட்லயே வெந்தவன் நான். கவர்மெண்டு குடுக்கறப்ப வாங்கலாம்லா, பொறு" என்பார்.

மாட்ட வந்தவர் தமிழர். "கட்டில்ல தல எந்தப் பக்கம்க்கா? காத்து நேரா மேல படக்கூடாதுலா" என்றார்.

"படட்டும் தம்பி. அவருக்கு ரொம்ப வேர்க்கும்" என்று வாய் சொல்லிவிட்டது. மாட்ட வந்தவர் காலிக் கட்டிலைப் பார்த்தார். பக்கத்தில் என் வீட்டுக்காரர் படத்தின் முன்னால் எரிந்த விளக்கைப் பார்த்தார். மாட்டி முடித்தார்.

ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்தபோது சுடர் சாய்ந்தது. கருமாதி வரை அணையக்கூடாத விளக்கு. ஓடிப்போய் இரண்டு கையாலும் மறைத்தேன். மாட்டியவர் சட்டென்று ஏர்கோனை நிறுத்தினார்.

"கருமாதி முடியட்டும்க்கா. அதுவரைக்கும் போடாதீங்க."

போடவில்லை. அறை வேகிறது. என் வீட்டுக்காரருக்கு விசிறிய அதே அட்டையை எடுத்து விசிறிக்கொண்டேன். கை பழக்கத்தில் அவர் படுத்த பக்கமே போனது. சுடர் ஆடியது. நிறுத்திவிட்டேன்.