தாலி கட்டுற எடத்துல நின்ன டிவிடி

முத்தியால்பேட்டை,
பாண்டிச்சேரி-3.
12.11.2006

அன்பு மகன் கலைச்செல்வனுக்கு அம்மா எழுதிக்கிறது. பாரீசு குளுருல நீயும் மருமவளும் சளி இருமல்னு இல்லாம இருக்கீங்கன்னு நம்புறேன். இங்க ஒங்கப்பா ஒடைஞ்ச காலை ஊனி கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வராரு. எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, வயித்தெரிச்சல் ஒண்ணுதான் இருந்துச்சு, அதுவும் போன ஞாயித்துக்கிழமையோட அடங்கிடுச்சு. போன்ல சொன்னா பாதியில கட்டாயிடும், முழுசா சொன்னாத்தான் எனக்கு ஆறும், அதான் எழுதறேன்.

நீ அனுப்புன கல்யாண டிவிடியைப் போட்ட அன்னைக்கு நடந்த கூத்தை ஒங்கப்பா ஒனக்குச் சொல்லியிருக்க மாட்டாரு, தம்பி பொண்டாட்டின்னா அவருக்கு வாய் தொறக்காது. அவரு காலு ஒடைஞ்சி நாங்க கல்யாணத்துக்கு வர முடியாமப் போச்சுல்ல, அதுலேர்ந்து ஒன் சித்தி அஞ்சலாட்சி நெல்லித்தோப்பு முழுக்க என்ன சொல்லிக்கிட்டு திரிஞ்சா தெரியுமா, செல்வன் தாலியே கட்டல, மேரின்னு சொல்ற அந்த ஊரு முனிசிபல் ஆபீசுல கையெழுத்துப் போட்டுட்டு அந்தப் பொண்ணோட குடும்பம் நடத்துறான், எம்பொண்ணு சுமலதா அங்கதான இருக்கா, அவளே போன் பண்ணிச் சொன்னான்னு. பெத்த பொண்ணே சொன்னான்னா யாருதான் நம்ப மாட்டாங்க. அரியாங்குப்பத்து மாமா என்னைப் பாத்து, விடும்மா இந்தக் காலத்துப் பசங்க அப்படித்தான்னு ஆறுதல் சொன்னாரு. ஆறுதலாம். அதுக்கு அவரு ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம். அதனாலதான் டிவிடி வந்ததும் ஒருத்தர் விடாம கூப்பிட்டு, கேசரி கிண்டி வெச்சி, நடு ஹால்ல போட்டேன். எல்லாம் நல்லாத்தான் ஓடுச்சு, மாப்பிள்ளை அழைப்பு, பொண்ணு வந்து உக்காந்தது, ஐயர் மந்திரம், நீ தாலியைக் கையில எடுக்குற, மேளம் கொட்ட ஆரம்பிக்குது, அவ்வளவுதான், ஒன் மூஞ்சி கட்டம் கட்டமா ஒடைஞ்சி அப்படியே நின்னுபோச்சு. பின்னால தள்ளிப் போட்டாலும் அதே எடம், நிறுத்திட்டு மறுபடி போட்டாலும் அதே எடம். அஞ்சலாட்சி கேசரியை வாயில வெச்சிக்கிட்டே, "கட்டியிருந்தாத்தானக்கா வரும்"னா. அத்தனை பேரும் சிரிச்சாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல.

அவளைச் சும்மா விடறதில்லன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். பிளேயர் பழசுன்னு நீ போன்ல சொன்னியே, அதனால ஒயரைக் கழட்டி மாட்டினோம், பிளேயருக்குள்ள இருக்குற கண்ணாடியைத் தொடைக்கிற டிஸ்க்குன்னு ஒண்ணு வாங்கிப் போட்டோம், அப்புறம் பக்கத்து வீட்டு பிளேயர்ல போட்டா அங்கயும் அதே எடத்துல நிக்குது. சரி கோளாறு டிவிடியிலதான்னு தெரிஞ்சிபோச்சு. வாடகைக்குப் படம் எடுப்போமே இராமதாஸ் கடை, அங்க எடுத்துட்டுப் போனேன். அவரு திருப்பிப் பாத்துட்டு, என்னம்மா இது மஞ்சளா இருக்குதுன்னாரு. மஞ்சளேதான். கல்யாணப் பத்திரிகைக்கு நாலு மூலையில தடவுற மாதிரி இதுக்கும் கொழைச்சி வெச்சித்தான் சாமிகிட்ட வெச்சேன், மேல நீ ஒட்டியிருந்த ஸ்டிக்கர்ல ஒங்க ரெண்டு பேர் போட்டோ இருந்துச்சு, மொகத்துல படவேணாம்னு திருப்பி, பளபளன்னு இருக்குற பக்கத்துல ஓரமா வெச்சேன். படம் நடுவட்டத்துலேர்ந்து தொடங்கி ஓரத்துக்குப் போகுமாம், கடைசியில வர்ற தாலி சரியா என் மஞ்சளுக்கு அடியில மாட்டிக்கிச்சு. இராமதாஸ் சிரிச்ச சிரிப்பை நான் மறக்க மாட்டேன், இனிமே வேற கடையிலதான் படம் எடுக்கப் போறேன். ஈரத்துணியால நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நேரா தொடைக்கணும், சுத்திச் சுத்தித் தொடைக்கக்கூடாதுன்னாரு, அப்படியே செஞ்சேன். இந்த மஞ்சள் கதை ஒங்கப்பாவுக்குத் தெரியாது, தெரியவும் வேணாம்.

வீட்டுக்கு வந்து தனியா போட்டுப் பாத்தேன். நீ கட்டுற. கண்ணுல தண்ணி வந்துடுச்சுடா எனக்கு. அடுத்த நிமிசம் மருமவளுக்குப் பின்னால குனிஞ்சி நாத்தனார் முடிச்சு போடறா பாரு ஒருத்தி, யாருன்னு பாத்தா நம்ம சுமலதா! போன்ல நான் கேட்டப்ப தங்கச்சி மொறையில தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு போட்டுச்சுன்னு சொன்னியே, பெத்தவகிட்டயே மறைக்கிறியா, அதுக்கு ஒன்னை அப்புறம் பேசிக்கிறேன். ஆனா அந்த நேரத்துல எனக்கு வந்த சந்தோசம் இருக்கே, நீ பொறந்தப்பகூட அவ்வளவு இல்ல. போன ஞாயித்துக்கிழமை அதே ஆளுங்களை மறுபடி கூப்பிட்டேன், அதே கேசரி, அஞ்சலாட்சிக்கு மட்டும் டிவிக்கு நேரா நாற்காலி. அவ சொகமா வந்து உக்காந்தா. தாலி ஏறிச்சு, சுமலதா குனிஞ்சா, நிமிந்தா, நான் சரியா அங்க நிறுத்தினேன். முடிச்சு போட்டவளே தாலி கட்டலன்னு போன் பண்ணியிருப்பாளா? விரும்புனவனைக் கட்டிக்கிட்டாங்கிறதுக்காக சுமலதாவை அஞ்சலாட்சி ரெண்டு வருசத்துக்கு முன்னால வாசப்படி மிதிக்காதன்னு சொல்லித் தொரத்துனாளே, அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு இவளுக்கு ஒரு போன்கூடப் பண்ணலைன்னு அங்க இருந்த அத்தனை பேருக்கும் அப்பத்தான் வெளங்குச்சு. நான் சொல்ல நாலு வார்த்தை நல்லா தீட்டி வெச்சிருந்தேன். அவ எழுந்து டிவிகிட்ட போயி நின்னு பாத்துட்டு, "எளைச்சிட்டாக்கா"ன்னா. என் நாலு வார்த்தையும் வீணாப்போச்சு, அது இன்னும் எனக்கு ஆத்திரம்தான்.

மறுநாளே வந்து டிவிடியைக் கேட்டா. குடுத்துடுவேனா? இது எங்க வீட்டு பிளேயர்ல மட்டும்தான் ஓடும், வேற எதுலயும் ஓடாது, ஃபாரின்ல போட்டதுன்னு சொல்லிட்டேன். வேணும்னா சாயங்காலம் வந்து பாத்துட்டுப் போ, ஆனா தெருவுல நாலு பேர் காதுல விழற மாதிரி, செல்வன் தாலி கட்டுனதைப் பாக்க வந்தேன்னு சொல்லிட்டுத்தான் உள்ள வரணும்னேன். சொல்றாடா. தெனமும் நெல்லித்தோப்புலேர்ந்து ஆட்டோ புடிச்சி வந்து, வாசல்ல நின்னு சத்தமாச் சொல்லிட்டு உள்ள வரா. அந்த ஒரு எடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்றா. நானும் காப்பி போட்டுக் குடுக்குறேன், சர்க்கரை கம்மியாத்தான் போடறேன்.

நீ இன்னொரு டிவிடி போட்டு அனுப்பு. மேல ஸ்டிக்கர் ஒட்டாத, அதனாலயும் சுத்தறப்ப ஆடுமாம். இராமதாஸ் சொன்னபடி படத்தை அவசரமா வேகத்துல ஏத்தாம மெதுவா ஏத்தி, கடைசியில ஃபைனலைஸோ என்னமோ, அந்த மூடி முடிக்கிறதையும் மறக்காம செய். எல்லாத்தையும் ஒண்ணுலயே திணிக்காம ரெண்டா பிரிச்சிப் போடு, தாலி ஓரத்துக்குப் போக வேணாம். அவ ஒனக்குப் போன் பண்ணி கேட்டாலும் இது எங்கம்மா வீட்டுல மட்டும்தான் ஓடும் சித்தின்னு சொல்லு, மாத்திச் சொல்லிடாத. சுமலதாவுக்கு அப்பப்ப வீட்டுல கூப்பிட்டு சோறு போடச் சொல்லு மருமவளை, நெசமாவே எளைச்சித்தான் இருக்கா.

நீங்க ரெண்டு பேரும் நூறு வருசம் ஒத்துமையா இருக்கணும், அடுத்த தடவை மூணு பேரா வரணும், மயிலம் முருகன் கூடவே இருப்பான். முக்கியமான ஒண்ணு, மறந்துடாத. சுமலதாவைப் போன் பண்ணச் சொல்லு. அவ அம்மா வீட்டுக்கு வேணாம், நம்ம வீட்டுக்குப் பண்ணட்டும், இங்க சாயங்காலம் ஆறு மணி இருக்குறப்ப. அப்ப அஞ்சலாட்சி இங்கதான் உக்காந்திருப்பா. அந்தப் போனை அவ என்கிட்ட கையை நீட்டித்தான் வாங்கணும்.

இப்படிக்கு,
ஒன் அம்மா
அமுதவல்லி