ஜாம் பாட்டிலில் பன்னிரண்டு பேர்

ஜூன் 3, செவ்வாய்

அறுபது கண்ணாடிக் குவளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு தாய். தாய் என்று இப்போதே சொல்வது கொஞ்சம் அவசரம். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத தண்ணீர்த் தெள்ளுகள், குளத்தில் துள்ளித் திரியும் சிற்றுயிர்கள், ஒவ்வொன்றும் கடுகில் பாதி இருக்கும். ஆனால் எண்ணிக்கைத் தாளில் ‘தாய் எண் 1’ என்று அச்சடித்தே வருகிறது. பிள்ளை பெறுவதற்கென்றே அனுப்பப்பட்டவர்கள்.

மருந்து கொசுப்புழுவுக்கானது. புழுவை உடனே கொல்லாது, வளரவிடாமல் செய்துவிடும். குளங்களில் ஊற்ற, தயாரித்த கம்பெனி அனுமதி கேட்டிருக்கிறது. அதே குளத்தில் வாழும் தெள்ளுகளுக்கு, இருபத்தோரு நாள் அந்த நீரில் இருந்தால், பிள்ளை குறைகிறதா? இந்த ஒரே கேள்விக்குத்தான் இவ்வளவும். பத்துக் குவளைகளில் வெறும் நீர். மற்ற ஐம்பதில் ஐந்து அளவுகள், அளவுக்குப் பத்து. குளத்தில் ஊற்றப்போவது ஏறத்தாழ இரண்டாம் அளவு.

கலவைகளைத் தயாரித்துக் கொடுத்தவர் தராசு, ஆய்வகத்தில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறோம். அவருடைய சொந்தப் பெயரைச் சம்பளத் தாளில் மட்டும் பார்த்திருக்கிறேன். உணவகத்தில் உப்புப் போடும்போதுகூடக் கையில் ஒரு கணம் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போடுவார். குவளைகளைப் பார்த்துச் சொன்னார்: “அறுபது மருமக வந்தாச்சு. இனி உனக்கு மாமியார் வேலை. யாருக்கு எத்தனைன்னு எண்ணிக்கிட்டே இரு.”

ஆய்வகத் தலைவியான மேடம் சிரிக்கவில்லை. “ஜூலை ஒண்ணாந் தேதி உன்னை நிரந்தரம் ஆக்கறதைப் பத்திப் பேசணும். இது சுத்தமா முடியட்டும்.”

ஜூன் 6, வெள்ளி

நீர் மாற்றும் நாள். தெள்ளை வாயகன்ற கண்ணாடிக் குழாயில் எடுத்து, புது நீரின் மேல் விடாமல் உள்ளே அமிழ்த்தி விட வேண்டும். தெள்ளின் ஓட்டுக்கடியில் ஒரு காற்றுக்குமிழ் புகுந்தால் போதும், மிதந்து மிதந்தே செத்துவிடும். அறுபது முறை மூச்சை அடக்கினேன். யாரும் மிதக்கவில்லை.

அறை எப்போதும் இருபது டிகிரி. வெளியே வெயில் கொளுத்த, நான் ஸ்வெட்டரோடு பேருந்தில் ஏறுகிறேன். நடத்துனர் தினமும் ஒரு முறை பார்க்கிறார்.

ஜூன் 12, வியாழன்

பிள்ளைகள்! இன்று நாற்பத்தோரு தாய்களுக்கு. கறுப்புப் பலகையின் மேல் குவளையை வைத்து, பக்கத்திலிருந்து விளக்கடித்தால் தூசிக்கு உயிர் வந்ததுபோலத் துள்ளுகின்றன. ஒவ்வொன்றாக உறிஞ்சி எண்ணினேன். முந்நூற்றுச் சொச்சம்.

எண்ணியவற்றைக் குளோரின் கேனில் கொட்ட வேண்டும், அதுதான் விதி. முதல் முந்நூறைக் கொட்டினேன். கடைசியில் மிஞ்சியது இரண்டு சிறு கிண்ணங்கள். ஒன்றில் வெறும் நீர் வரிசையின் பிள்ளைகள், மற்றதில் இரண்டாம் அளவின் பிள்ளைகள். கை போகவில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. இரக்கம் என்று எழுதினால் பொய், முந்நூறைக் கொட்டியவளுக்கு என்ன இரக்கம்? களைப்பு. அல்லது, எண்ணிவிட்ட ஒன்றை உடனே இல்லாமல் ஆக்குவதில் உள்ள ஏதோ ஒரு கூச்சம்.

இரண்டு கிண்ணங்களிலிருந்தும் பன்னிரண்டு பன்னிரண்டாக எடுத்து, சுத்த நீரில் விட்டு, சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது என் சன்னலில் இரண்டு ஜாம் பாட்டில்கள். மூடியில் ஒரு புள்ளி வைத்தது வெறும் நீர், இரண்டு புள்ளி வைத்தது இரண்டாம் அளவு.

யாருக்கும் தெரியக்கூடாது. வேலை போய்விடும்.

ஜூன் 14, சனி

அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

“என்னடி இது? கொசுப்புழுவா? ஊரெல்லாம் கொசுவை ஒழிக்கறாங்க, நீ வீட்டுக்குள்ள பால் ஊத்தி வளக்கறியா? வயித்துப்புள்ளக்காரி இருக்கற வீடு!”

வயிற்றுப்பிள்ளைக்காரி என்பது அண்ணி. எட்டாவது மாதம் முடியப் போகிறது. அவளே வந்து பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது கொசு இல்ல அத்தை, குதிக்குது பாருங்க. கொசுப்புழு நெளியும்” என்றாள். அம்மா அவள் பேச்சை மட்டும் நம்புவாள். பெற்ற பெண் பட்டம் வாங்கி என்ன பிரயோசனம்!

பால் இல்லை, பச்சைப்பாசி. அதையும் அங்கிருந்து ஒரு சீசாவில் கொண்டுவந்தேன் என்பதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 18, புதன்

மூன்றாம் அளவிலிருந்து பிள்ளைகள் குறைகின்றன. முதல், இரண்டாம் அளவுகளில் வெறும் நீரைப் போலவே. கம்பெனிக்காரர்கள் மகிழ்வார்கள்.

ஜூன் 19, வியாழன்

தாளில் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். அதில் தினமும் ‘ஏதுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். பழைய கோப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். எட்டு வருடத் தாள்கள், எல்லாவற்றிலும் அதே ‘ஏதுமில்லை’. எழுத்து மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. எட்டு வருடமாக யாரும் எதையும் பார்க்கவில்லையா, அல்லது பார்ப்பதற்கென்று வைத்த கட்டமே பார்க்காமலிருக்கப் பழக்கிவிட்டதா?

ஜூன் 22, ஞாயிறு

காலையில் போய் எண்ணிவிட்டு வந்தேன். தெள்ளுகளுக்கு ஞாயிறு கிடையாது.

மதியம் அண்ணி முதுகுவலி என்று என் அறை நாற்காலியில் வந்து சாய்ந்தாள். என் பூதக்கண்ணாடியை எடுத்துப் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணியிடம் ஒரு வசதி, சும்மா இருப்பாள், பேச்சைப் பிடுங்க மாட்டாள். நான் படித்துக்கொண்டிருந்தேன்.

“இதுல எல்லாரும் என்னை மாதிரி இருக்காங்க” என்றாள் திடீரென்று.

“எப்படி?”

“மாசமா. முதுகுல முட்டை தெரியுது பாரு. ஆனா இந்த ரெண்டு புள்ளி பாட்டில்ல ஒருத்திகூட இல்லையே. ஏன், இவங்களுக்கு மட்டும் என்ன?”

எழுந்து போய்ப் பார்த்தேன். ஒரே நாளில் பிறந்தவை. ஒரே பாசி, ஒரே சன்னல். ஒரு புள்ளிப் பாட்டிலில் பன்னிரண்டும் முட்டையோடு. இரண்டு புள்ளியில் பன்னிரண்டும் வெறுமையாக. உருவமும் சிறிது.

கல்லூரியில் படித்த ஒரு வரி நினைவுக்கு வந்தது. இவை ஆண்களோ? அண்ணியிடம் சொன்னேன். நல்ல காலத்தில் இந்தத் தாய்கள் பெண்ணை மட்டுமே பெறும். அப்பனே தேவையில்லை. குளம் வற்றப்போகிறது, சாப்பாடு இல்லை, குளிர் வருகிறது என்று உடம்புக்குத் தெரிந்தால்தான் ஆண் பிறக்கும்.

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இதை அத்தைகிட்ட சொல்லிடாதே. பேரனுக்குப் பேரே யோசிச்சு வெச்சிருக்காங்க.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குவளையில் பசி இல்லை, குளிர் இல்லை, நெருக்கடி இல்லை. பின்னே யார் அந்தத் தாய்களிடம் கெட்ட காலம் வருகிறது என்று சொன்னது? மருந்தா?

ஜூன் 23, திங்கள்

பாட்டிலைப் பையில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் நுண்ணோக்கியில் பார்த்தேன். ஆணுக்கு முகத்தின் கீழே இரண்டு நீண்ட கொம்புகள் இருக்கும், பெண்ணுக்கு வெறும் முளை. இரண்டு புள்ளிப் பாட்டிலில் பன்னிரண்டு பேருக்கும் கொம்பு.

எண்ணிக்கை குறையவில்லை. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. தாய்க்குப் பத்துப் பிள்ளை, வெறும் நீரிலும் பத்து, இரண்டாம் அளவிலும் பத்து. ‘வேறுபாடு இல்லை’ என்று அறிக்கை சொல்லும். பத்தும் பையன்களாக இருக்கிற குளத்தில் அடுத்த மாதம் யார் பெறுவது?

மேடத்திடம் சொன்னேன். எல்லாவற்றையும், ஜாம் பாட்டிலோடு. அவர் பேனாவை மூடினார்.

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போனியா?”

“ஆமா மேடம்.”

“லேபிள்? வெப்பநிலை? சாட்சி?”

“…ரெண்டு புள்ளி.”

“இதை நான் என்னன்னு எழுதுவேன்? ஜாம் பாட்டில்னா?” பிறகு குரல் தணிந்தது. “உன் பாட்டில் எனக்குச் சாட்சி இல்ல. திட்டத்துல ஆண் பெண் எண்ணச் சொல்லல. நாளைக்குக் கடைசி நாள். குவளையில என்ன இருக்கோ அதை நீ பாக்கலாம், குறிப்புல எழுதலாம், அதை யாரும் தடுக்க முடியாது. ஆனா எழுதினா, இதைப் பாக்கணும்னு உனக்கு எப்படித் தோணுச்சுன்னு கேப்பாங்க. அதையும் நீதான் எழுதணும். பாதியை எழுதற தாள் இல்ல அது.”

ஜூலை ஒன்றுக்கு எட்டு நாள் இருக்கிறது. அண்ணன் சம்பளத்தோடு என் சம்பளமும் சேர்ந்தால்தான் இந்த வீடு. அம்மாவிடம் என்னவென்று சொல்வேன்? பூச்சிக்காக வேலையை விட்டேன் என்றா?

பாதியை எழுதினால் என்ன? தற்செயலாகப் பார்த்தேன் என்றால் யாருக்குத் தெரியும்? ஆண்கள் ஆண்கள்தானே. உண்மை மாறிவிடுமா?

ஜூன் 24, செவ்வாய்

கடைசி எண்ணிக்கை முடிந்தது.

இரண்டாம் அளவில் இன்று நான்கு தாய்களுக்குப் பிள்ளை, மொத்தம் நாற்பத்தாறு. கேனில் கொட்டுவதற்கு முன் ஒவ்வொன்றாகக் கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்தேன். வெறும் நீர் வரிசையில் ஐம்பது. அதையும் பார்த்தேன். மூன்று மணி நேரமாயிற்று. கழுத்து இன்னும் வலிக்கிறது.

குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: ‘இரண்டாம் அளவு: 46இல் 46 ஆண். வெறும் நீர்: 50இல் ஆண் இல்லை. தற்செயலாக —’

அந்தச் சொல்லில் பேனா நின்றது. எங்கள் தாளில் அழிக்கக்கூடாது. வெள்ளை பூசக்கூடாது. பிழை இருந்தால் ஒரே ஒரு கோடு, அடியில் உள்ளது படிக்கத் தெரியும்படி. பக்கத்தில் கையெழுத்தும் தேதியும். முதல் நாள் இதைக் கேட்டபோது என்ன குரூரமான விதி என்று நினைத்தேன். தப்பை மறைக்கக்கூட விடமாட்டார்களா!

‘தற்செயலாக’ மேல் ஒரு கோடு போட்டேன். கையெழுத்து. தேதி. பிறகு எழுதினேன்: ‘ஜூன் 12 அன்று எண்ணிய பிள்ளைகளில் சிலவற்றை விதிக்கு மாறாக வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்த்தேன். அவற்றில் வேறுபாடு தெரிந்ததால் பார்த்தேன்.’ கட்டம் போதவில்லை. ஓரத்தில் ஏறி எழுத வேண்டியதாயிற்று.

தராசு என் தோளுக்கு மேலாகப் படித்தார். “கோடு நேரா இருக்கு” என்றார்.

ஜூன் 25, புதன்

மேடம் தாளை எடுத்துப் போனார். அவர் அறைக் கதவு மூடியிருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

மூடியேதான் இருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

நிரந்தரம் இல்லை. தற்காலிகம் இன்னும் ஆறு மாதம் நீள்கிறது. ஒரு எச்சரிக்கைக் கடிதம். அதில் ‘ஜாம் பாட்டில்’ என்று எங்கும் இல்லை, ‘அனுமதியற்ற கொள்கலம்’ என்று கௌரவமாகப் போட்டிருக்கிறார்கள்.

கடிதத்தில் இல்லாத ஒன்றை மேடம் வாயால் சொன்னார். அறிக்கை நிறுத்தி வைக்கப்படுகிறது. சோதனை மறுபடி நடக்கும். தாளில் ஒரு புதுக் கட்டம் சேரும். எண்ணப்போவது தராசு. முடியும்வரை நான் அந்த அறைக்குள் போகக்கூடாது, தாளைப் பார்க்கக்கூடாது.

“உனக்கு இன்னதுதான் வரணும்னு ஒரு ஆசை வந்துடுச்சு. ஆசை இருக்கறவ எண்ணக் கூடாது.”

கோபம் வந்தது. பேருந்தில் வரும்போது சரிதான் என்று தோன்றியது. வீட்டுக்குள் நுழைந்ததும் மறுபடி கோபம் வந்தது.

அம்மாவிடம் ஆறு மாதம் என்று மட்டும் சொன்னேன். “உன் கொசுதான் காரணமா?” என்றாள். தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள்.

ஜூலை 14, திங்கள்

நான் இப்போது குவளை கழுவுகிறேன். அமிலத்தில் ஊறவைத்து, குழாய் நீரில் ஏழு முறை, காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை. இன்று மறுசோதனைக்கு அறுபது குவளைகள் என் கையிலிருந்து அந்த அறைக்குள் போயின. கதவு தானாக மூடிக்கொள்ளும் கதவு.

ஒருவேளை ஒன்றும் இல்லையென்றால்? பாசியில் ஏதாவது கலந்திருந்து, என் கைப்பிழையாக இருந்து, இந்த முறை பெண்களாகவே பிறந்தால்? எச்சரிக்கைக் கடிதம் மட்டும் உண்மையாக மிஞ்சும்.

ஜூலை 16, புதன்

இரண்டு புள்ளிப் பாட்டிலில் கடைசி ஆளும் போய்விட்டான். ஒரு புள்ளிப் பாட்டிலில் எண்ண முடியாத அளவு பேத்திகள். அம்மாவே இப்போது பாசி ஊற்றுகிறாள். கேட்டால், “செத்துப்போனா நாறும், அதுக்குத்தான்” என்கிறாள்.

ஜூலை 20, ஞாயிறு

அண்ணிக்கு அதிகாலையில் பிறந்தது. பெண். இரண்டு கிலோ எண்ணூறு. அண்ணி களைத்துப்போன கண்ணால் என்னைத் தேடி, “நல்ல காலம்தான் போல” என்றாள். நாங்கள் இருவர் மட்டும் சிரித்தோம். அண்ணன் புரியாமல் விழித்தான்.

அம்மா துணியை விலக்கி ஒரு முறை பார்த்தாள். பிறகு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். “சரி. எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆச்சு. இந்த வீட்ல யாரு வாயத் தொறக்கறா?”

யோசித்து வைத்திருந்த பெயர் என்னவென்று கடைசிவரை சொல்லவில்லை.

ஜூலை 24, வியாழன்

மூன்று நாள் விடுப்புக்குப் பின் வேலைக்குப் போனேன். கணக்குப்படி இன்று பத்தாவது நாள். பிள்ளைகள் பிறந்திருக்க வேண்டும். குழாயைத் திறந்து வைத்துக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மதியம் தராசு அழுக்குக் குவளைக் கூடையோடு வந்தார். கண்கள் சிவந்திருந்தன, நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்த கண்கள். கூடையை மெதுவாக இறக்கினார்.

“வீட்ல குழந்தை பொறந்துதாமே. என்ன குழந்தை?”

“பொண்ணு.”

“தாய் நல்லா இருக்காங்களா?”

“ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

“நல்லது.” கதவுவரை போனார். கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். உப்பைக் கையில் நிறுத்துவாரே, அது போல.

“இங்க ரெண்டாவது வரிசை மருமகளுங்க எல்லாருக்கும் பையன்” என்றார்.

கதவு தானாக மூடியது. குழாயை நிறுத்தினேன்.