அம்மாவிடம் மறைத்த படம்

அம்மா,

விளக்கைப் போடாமல் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். காலையில் சாப்பாட்டு டப்பா வைக்கும்போது உன் பையில் இது கிடைக்கும். அப்பாவிடம் சொல்வதற்கு முன்னால் என்னை எழுப்பு.

போன வாரம் கேட்டாயே, "என்னடி, உன் படம் இருக்குற இடத்துல வெறும் சாம்பல் வட்டம்தான் தெரியுது, நீ என்ன பேயா?" என்று. "உன் போன் பழசும்மா" என்றேன். பொய். மெசேஜ் ஆப்பில் என் புரொஃபைல் படத்தை யார் பார்க்கலாம் என்று கேட்ட இடத்தில் 'எல்லோரும், இவர்களைத் தவிர' என்று போட்டு, உன்னையும் அப்பாவையும் தவிர்த்துவிட்டேன். உதட்டுச் சாயம் பூசியிருந்தேன், திட்டுவாய் என்று பயம். அந்த 'எல்லோரும்' யார் யார் என்று யோசிக்கவே இல்லை.

படத்தில் சீருடையில் இருக்கிறேன். பின்னால் நம் பஸ் நிறுத்தம் தெரிகிறது.

யாரென்றே தெரியாத ஒரு ஆள் அந்தப் படத்தைப் பார்த்து மெசேஜ் அனுப்புகிறான். முதலில் "அழகா இருக்கே பாப்பா" என்றான். நான் பதில் போடவில்லை. இன்று காலை பஸ் ஏறி உட்கார்ந்ததும், "இன்னிக்கு ஏன் ரெட்டைச் சடை?" என்று வந்தது. நிறுத்தத்தில்தான் எங்கேயோ நின்றிருக்கிறான், அம்மா. எந்த முகம் என்று தெரியவில்லை. சாயங்காலம், "நாளைக்குப் பக்கத்துல வந்து பேசறேன்" என்று அனுப்பினான்.

அவனை பிளாக் செய்துவிட்டேன். படத்தையும் எடுத்துவிட்டேன். பஸ் நிறுத்தத்தை என்ன செய்வது?

வேலைக்கு நேரமானாலும் காலையில் என்னோடு வா. வழியெல்லாம் சத்தமாகத் திட்டிக்கொண்டே வா. நான் தனியாக இல்லை என்று அவனுக்குக் கேட்கட்டும்.

உன் சின்னக்குட்டி